தடைசெய்யப்படாத ஒரு பெண்ணைப் பற்றி

அன்புள்ள மகனே என்று தொடங்கத்தான் கை போகிறது. போன கிழமை முழுக்க இந்த முதல் வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அன்பு இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் இப்போது எனக்குள் அன்பைவிட அருவருப்புத்தான் அதிகமாக இருக்கிறது. அதை மறைத்து எழுதவும் விருப்பமில்லை. தொலைபேசியில் நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. பெற்ற பிள்ளையை நினைத்துச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்கும் ஒரு நாள் என் வாழ்க்கையில் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

சனிக்கிழமை வேனோடு வருகிறாய் என்று அப்பா சொன்னார். பேஸ்மென்டில் கிடக்கும் பெட்டிகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு ரொறன்ரோவுக்குப் போகிறாயாம். அங்கே பெரிய கொம்பனி ஒன்று நீங்கள் பாட்டு வெளியிடும் லேபிளைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறதாம். உனக்கு அங்கே மேசையும் கதிரையும் போட்டு வைத்திருக்கிறார்களாம். பிள்ளை ஊர் மாறிப் போகும்போது தாய் நாலு புத்தி சொல்லி அனுப்புவது வழக்கம். முன்னால் வைத்துச் சொன்னால் "ஓகே அம்மா, ஓகே அம்மா" என்று தலையாட்டிக்கொண்டே செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ மட்டும் படிப்பதற்காக இதை எழுதவில்லை. மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே திரும்பவும் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்.

நீயும் உன் கூட்டாளி மாத்தியூவும் அந்த லேபிளைத் தொடங்கியது இந்தக் கார்ட்டியர்வில் வீட்டின் பேஸ்மென்டில்தான். பெரிய கொம்பனிகள் தொட்டுப் பார்க்காத பாட்டுகளைத் தேடிப் பிடித்து, கொஞ்சமாகச் சிடி அச்சடித்து, கையால் உறை மட்டை மடித்து, தபாலில் அனுப்பினீர்கள். நான் அதைப் பார்த்து முகம் சுழித்தவள் அல்ல. வேலையால் வந்து, கோட்டைக் கழற்றிவிட்டு, உங்களோடு நிலத்தில் இருந்து மட்டை மடித்திருக்கிறேன். டொலார்ட் முருகன் கோயிலில் மற்றத் தாய்மார் டாக்டர், எஞ்சினியர் என்று எடுத்துவிடும்போது, என் மகன் பாட்டுக் கொம்பனி வைத்திருக்கிறான் என்று நானும் சொல்லிக்கொண்டேன். "எந்தப் படத்துக்கு மியூசிக் போடுறார்?" என்று கேட்பார்கள். படத்துக்கெல்லாம் போடமாட்டான், அவன் வேறு மாதிரி என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருக்கும்.

பிறகு நீ பெய்ஜிங்குக்குப் போனாய். ஒரு மாதம் கழித்து மெலிந்து கறுத்து வந்து, பெட்டியைக்கூடத் திறக்காமல் சமையலறையில் நின்று கதைத்தாய். "அம்மா, அங்க சின்னச் சின்னப் பாருக்குள்ள, நிலத்துக்குக் கீழ அறைக்குள்ள பொடியனுகள் வாசிக்கிறாங்க. றேடியோவில வராது, டீவியில வராது. ஆருக்காகவும் இல்ல, தங்கட விருப்பத்துக்கு வாசிக்கிறாங்க. இப்பிடி ஒண்ட நான் எங்கயும் கேட்டதில்ல." உன் முகம் அப்போது சுத்தமாக இருந்தது. அந்தப் பாட்டுகளை இந்த ஊருக்குக் கொண்டுவரத்தான் வேண்டும் என்று நீ சொன்னபோது, நானும் ஓம், கொண்டு வா என்றுதான் சொன்னேன்.

அப்படித்தான் நீ அங்கே கண்டுபிடித்த லின்னும் அவளோடு வாசிக்கும் கூட்டாளிகளும் இலையுதிர் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். நாலு பேரும் பேஸ்மென்டில் படுத்தார்கள். லின் கிட்டார் வாசிப்பாள், பாடுவாள். பாடுவாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். முதல் நாள் அவர்கள் கீழே ஒத்திகை பார்த்தபோது வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் வெடிக்கப் போகிறது என்று நினைத்து அப்பா படியில் ஓடி இறங்கினார். ஆனால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டால் அவளைப் போல் அடக்கமான பிள்ளையைக் காண முடியாது. பெய்ஜிங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறாள். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பாள். என் ஆங்கிலமும் உடைசல், அவளுடைய ஆங்கிலமும் உடைசல். நடுவில் உன் தங்கை ஷாலினி இருந்து பொறுக்கி ஒட்டித் தருவாள்.

ஒரு நாள் லின் தன் பையில் இருந்து பழைய சிடி ஒன்றை எடுத்து உனக்குக் கொடுத்தாள். அதன் ஓரத்தில் மரம் அறுக்கும் வாளால் அறுத்தது போல் ஒரு வெட்டு. எனக்கு அந்த வெட்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நாங்கள் இங்கே வந்த புதிதில் நான் சென்-லோராங் பக்கம் ஒரு கிடங்கில் வேலை செய்தது உனக்குத் தெரியும். விற்காமல் திரும்பி வந்த சிடிகளை அங்கே கட்டுக் கட்டாக வாள் மெஷினுக்குக் கொடுப்போம். யாரும் எடுத்துத் திரும்ப விற்கக்கூடாது என்பதற்காக அந்த வெட்டு. பிறகு வெறும் பிளாஸ்டிக் கழிவு என்று கப்பலில் ஏற்றிவிடுவார்கள். எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அது சீனாவுக்குப் போயிருக்கிறது. அங்கே யாரோ ஒருவன் மூட்டையைப் பிரித்து ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறான். ஓரத்தில் இருக்கும் கடைசிப் பாட்டுகள்தான் அழிந்திருக்கின்றன, மற்றதெல்லாம் பாடுகிறது. பிறகு தெருவில் பரப்பி விற்றிருக்கிறார்கள். லின் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் அப்படி வாங்கித்தான் வெளிநாட்டு இசையைக் கேட்டாளாம். "என்னிடம் இருந்த எதிலும் கடைசிப் பாட்டு இருக்காது, ஆன்ட்டி. முடிவை நானே யோசித்துக்கொள்வேன்" என்றாள். நான் அறுத்ததும் அதில் இருந்திருக்கும் என்று சொன்னேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

அப்போது நீயும் மாத்தியூவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். அது நல்ல பார்வையில்லை என்று எனக்கு அப்போதே பட்டது. கொஞ்ச நாளில் அவர்களுடைய புதுச் சிடிக்கு மட்டை வடிவமைத்துக்கொண்டு வந்தாய். ஒவ்வொரு மட்டையின் ஓரத்திலும் அளவெடுத்து ஒரு வெட்டு. "அம்மா, நீங்களே வெட்டினா இன்னும் நல்லா இருக்கும். அதுக்கு ஒரு ஸ்டோரி இருக்கும்" என்றாய். மாத்தியூ என் கைகளைப் படம் எடுக்க வந்தான், நான் கையை மடித்து வைத்துக்கொண்டேன். ஒரு பிள்ளை கழிவுக்குள் பொறுக்கி எடுத்துக் கேட்ட இசை அது. அந்த இல்லாமையை நீங்கள் மட்டைக்கு அலங்காரமாக்கி, விலையையும் கூட்டி வைத்தீர்கள். ஆனால் பொடியன்களுடைய தொழில், நமக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். அகதி விசாரணைக்குப் போகும் பெண்கள் என் சமையலறைக்கு வருவது உனக்குத் தெரியும். மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கத்துப் பெண்கள். நடந்ததைச் சொல்லத் தெரியாமல், முதலில் நடந்ததைக் கடைசியிலும் கடைசியில் நடந்ததை முதலிலும் சொல்லி, அழுது, குழம்பி நிற்பார்கள். ஆர் வந்தது, என்ன உடுப்புப் போட்டிருந்தவன், என்ன கேட்டவன், நீ எந்த வாசலால் ஓடினாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர்கள் வாயாலேயே வரவழைத்து வரிசைப்படுத்தி விடுவேன். ஒரு சொல்லும் கூட்டிக் கொடுத்ததில்லை. கூட்டத் தேவையில்லாத அளவுக்கு அவர்களுக்கு நடந்திருந்தது. எங்களுக்கும் அப்படித்தான்.

ஆனால் லின்னிடம் நான் அப்படி நடக்கவில்லை. வேறு நாட்டில் இருந்து பையோடு வந்து இந்த மேசையில் இருந்தவர்களில் திரும்பிப் போனவர் என்று ஒருவரையும் நான் கண்டதில்லை. அந்தப் பழக்கத்தில், ஒரு பின்னேரம் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "பிள்ள, நீ எப்ப அகதிக் கேஸ் அடிக்கப் போறாய்?" என்று கேட்டேன். ஷாலினி திருப்பிச் சொன்னாள். லின்னுக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொன்னதும், இல்லை ஆன்ட்டி, எனக்கு வகுப்பு இருக்கிறது, நான் போக வேண்டும் என்றாள். பயத்தில் மறைக்கிறாள் என்று நான் நினைத்தேன். "பயப்பிடாத. இஞ்ச சொன்னா வெளிய போகாது. பொலிஸ் வந்ததா?" என்றேன். யோசித்து, ஒரு தடவை வந்தது என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் என்று முறைப்பாடு செய்தாராம். வந்த பொலிஸ்காரர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாராம். அதில் ஒருவர் பாட்டு முடியும்வரை நின்று கேட்டுவிட்டுப் போனாராம்.

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. "அது காணும்! பொலிஸ் வந்து கச்சேரிய நிப்பாட்டினது எண்டு சொல்லு. பாட்டத் தடைசெய்து போட்டாங்க எண்டு சொல்லு. இனிப் பாடினாப் பிடிப்பாங்க எண்டு சொல்லு" என்று அடுக்கிக்கொண்டே போனேன். லின் சிரித்துவிட்டாள். "எங்களை யாரும் தடைசெய்யவில்லை, ஆன்ட்டி. எங்களை யாருக்கும் தெரியாது" என்றாள். நீ அப்போது ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜூஸ் பெட்டியோடு நின்றாய். குடிக்கவும் இல்லை, கதவை மூடவும் இல்லை. என் மகன் தாயின் விசர்க்கதையைக் கேட்டுச் சிரிக்காமல் நிற்கிறானே என்று மட்டும் நினைத்தேன்.

அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போய், சிடி அச்சாகி வந்து, பெட்டிகள் பேஸ்மென்டை நிறைத்தபோதுதான் சிவப்பு ஸ்டிக்கர் சுருளைக் கண்டேன். சீனாவில் தடைசெய்யப்பட்டது என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அந்தப் பிரெஞ்சுச் சொல் எனக்குக் கார் நிறுத்தக் கூடாத தெருப் பலகைகளில் இருந்து நன்றாகத் தெரியும். "மனே, இத ஆர் தடை செய்தது?" என்று கேட்டேன். "அது மார்க்கெட்டிங் அம்மா. ஒரு மாதிரி உண்மைதான். நீங்கதானே சொன்னீங்க" என்றாய். ஷாலினி கையில் இருந்த சுருளை மேசையில் எறிந்துவிட்டு மேலே போய்விட்டாள். நான் போகவில்லை. நீ அவசரம் என்றாய், கடைகளுக்கு அனுப்ப வேண்டும் என்றாய். பொய் என்று தெரிந்துகொண்டே உன்னோடு இருந்து அந்தப் பின்னேரம் முழுக்க ஒட்டினேன். கோணலாக ஒட்டியதை உரித்து நேராக வேறு ஒட்டினேன். நினைத்தால் என் கையே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பிறகு அந்த இலவச வாரப் பத்திரிகையில் பெரிதாக வந்தது. லின் தலை குனிந்து நிற்கும் படம் போட்டு, அச்சம் நிறைந்த கண்கள் என்று எழுதியிருந்தார்கள். அவள் தரையில் இருக்கும் கிட்டார் பெடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது படம் எடுக்கும்போது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். வெளியீட்டு நாளில் நீ கூப்பிட்டாய் என்று சேலை உடுத்திக்கொண்டு வந்தேன். வந்தவர்கள் ஒரு கையில் பியரும் மறு கையில் லின்னுடைய துன்பமுமாக நின்றார்கள். தாடி வைத்த ஒருவன் என் கையைப் பிடித்து, தான் மிகவும் கலங்கிப்போய்விட்டேன் என்றான். பாட்டு எப்படி என்று கேட்டேன். அவன் இன்னும் கேட்கவில்லை.

அடுத்தவர் துன்பத்தில் காணும் இந்த ருசி எனக்குப் புதிதில்லை. நான் இப்போது வேலை செய்யும் கார்டெரி என்ற குழந்தைக் காப்பகத்தில் பிள்ளைகளை விட வரும் தாய்மார் என்னிடம் யுத்தத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஷெல் விழுந்ததைச் சொன்னால் கண் கலங்குவார்கள். அதே கிழமை நானும் என் சிநேகிதியும் சட்டை தைக்கக் கொடுத்த இடத்தில் கழுத்து அளவுக்காகச் சண்டை பிடித்ததைச் சொன்னால் முகம் வாடிவிடும். அவர்களுக்கு நாங்கள் பாதிதான் தேவை. இது உனக்கு விளங்காது என்று சொல்ல முடியாது. நீ இங்கே வரும்போது கைக்குழந்தை. ஆனாலும் ஆரம்பப் பள்ளியில் உன் ஆசிரியை உன்னை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி யுத்தத்தைப் பற்றிச் சொல் என்று கேட்டாள். நீ வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் அழுதாய். "எனக்கு ஒண்டும் ஞாபகமில்லம்மா. தெரியா எண்டு சொன்னாலும் விடுறாங்க இல்ல. நான் ஹொக்கியப் பத்திக் கதைக்கட்டா எண்டு கேட்டன், வேணாமாம்" என்றாய். அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய், எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் அந்த ஆசிரியையோடு சண்டை பிடித்தேன். வாசலில் நீ என் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அந்தப் பிள்ளைதான் வளர்ந்து லின்னை வகுப்புக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறான். எனக்குக் கோபம் வருவதற்கு முதல் வாந்தி வருகிறது, மகனே.

இரண்டு கிழமைக்கு முன்னால் லின் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். பத்திரிகையில் வந்ததையும் ஸ்டிக்கரின் படத்தையும் அங்கே யாரோ இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூட அதிபர் அவளைக் கூப்பிட்டு, உன்னை யார் தடை செய்தது, வெளிநாட்டில் போய் ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்டிருக்கிறார். நான் சொல்லவில்லை என்றிருக்கிறாள். அப்படியானால் யார் சொன்னது என்றிருக்கிறார். இது தெளிவாகும் வரைக்கும் வகுப்பு எடுக்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர்கள் வழமையாக வாசிக்கும் பாரின் முதலாளியும் இப்போதைக்கு வராதீர்கள், எனக்கு வில்லங்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "அந்த ஸ்டிக்கரில் இருப்பது இப்போது உண்மையாகிவிட்டது, ஆன்ட்டி" என்றாள். அழவில்லை, உன்னை ஒரு வார்த்தை ஏசவும் இல்லை. அது பொய் என்று லேபிளே வெளிப்படையாக எழுதித் தந்தால் அதிபரிடம் காட்டலாம் என்று மட்டும் கேட்டாள். உன்னிடம் பல தடவை கேட்டும் நீ பதில் போடவில்லையாம்.

நான் உடனே உனக்கு எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீ சிரித்தாய். "அப்ப இப்ப உண்மையாவே தடை செய்தாச்சுத்தானே அம்மா! இனி ஒருத்தரும் எங்களப் பொய் எண்டு சொல்ல ஏலா" என்றாய். திரும்ப அச்சடிக்கப் போகிறோம், ரொறன்ரோக்காரருக்குப் பெரிய சந்தோசம் என்றாய். அந்தப் பிள்ளைக்கு வேலை போகப் போகிறதே என்றேன். "அவ ஆர்ட்டிஸ்ட் அம்மா. இது அவவுக்கும் நல்லதுதான், போகப் போக விளங்கும்" என்றாய். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அப்பா பக்கத்தில் நின்று, "விடு புள்ள, அவன் வளர்ந்த பொடியன்" என்றார். வளர்ந்தது எனக்கும் தெரிகிறது.

புத்தி சொல்ல உட்கார்ந்தேன், உன்னை ஏசித் தீர்த்துவிட்டேன். சொல்ல வேண்டியது ஒன்றுதான். கேட்க ஆளில்லாத பாட்டை ஊருக்குக் கேட்கச் செய்வது நல்ல தொழில். அதை நீ திறமையாகச் செய்தாய். லின்னுடைய பாட்டு எனக்கு இரைச்சல்தான், ஆனால் அதில் ஏதோ இருக்கிறது என்று நீ சொன்னதை நம்பினேன். நீதான் அதை நம்பவில்லை. நம்பியிருந்தால் அதன் நெற்றியில் பொய்யை ஒட்டியிருக்கமாட்டாய்.

இந்தக் கடிதத்தை இங்குள்ள தமிழ்ப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். ஷாலினி பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதிக்கொண்டிருக்கிறாள். அது அந்த வாரப் பத்திரிகைக்கும், ரொறன்ரோ கொம்பனிக்கும், லின் கேட்டபடி அவளுடைய அதிபருக்கும் போகும். நம்மவர்கள் என்னை ஏசுவார்கள் என்று தெரியும். விசாரணைக்குக் காத்திருக்கும் பெண்களின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டாள், இனி நம் கதையை எவன் நம்புவான் என்பார்கள். அதை நினைத்துத்தான் நாட்கணக்காக எழுதாமல் இருந்தேன். இனிமேல் ஒருத்தியும் என் சமையலறைக்கு வராமல் விடலாம். அது எனக்குப் பெரிய இழப்பு, ஆனால் அதற்காக ஒரு வயலின் ரீச்சரைப் பலி கொடுக்க என்னால் முடியாது.

சனிக்கிழமை வா. பெட்டிகளை ஏற்ற அப்பா கை கொடுப்பார், நான் வாசலை மறிக்கமாட்டேன். அதிபருக்கு இதோடு சேர்த்து அனுப்பும் தாளில் நான் கையெழுத்து வைத்துவிட்டேன். லின்னை யாரும் தடைசெய்யவில்லை, அந்தக் கதையைச் சோடித்தது நான் என்று அதில் இருக்கிறது. அதற்குக் கீழே உனக்கு இடம் விட்டிருக்கிறேன். நீ கையெழுத்து வைத்தால், தாயும் மகனும் செய்த பிழைக்கு இருவரும் மன்னிப்புக் கேட்கிறோம் என்று போகும். வைக்காவிட்டால், நான் சோடித்தேன், என் மகன் அதை விற்றான், இன்னும் விற்கிறான் என்று ஷாலினி அந்த இடத்தில் எழுதுவாள். எப்படியும் திங்கட்கிழமை தபாலில் போடுவேன்.

உன் அம்மா